தேவராஜ் அண்ணாத்த எஞ்சின தூக்கி வச்சிட்டுதான் போனாரு

உங்களுக்கெல்லாம் நியூசு நம்ம கம்பெனி பஸ் குரூப்புல வந்துச்சு. ஷிப்டு மாறுற நேரம். 'நம்ம கூடுவாஞ்சேரி ரூட் டிரைவர் தேவராஜ் காலமானார்'னு ஒருத்தர் போட்டாரு. கீழ வரிசையா கும்புடற கை பொம்மை. எனக்கு நியூசு வரல. அந்த மெசேஜ் வந்தப்ப என் போனு டவுசர் பாக்கெட்ல உப்புத்தண்ணி பூந்து செத்துப் போயிருந்துச்சு. நான் செங்கல்பட்டுல ஆஸ்பத்திரி வராண்டால சொட்ட சொட்ட நின்னுகினு இருந்தேன். உள்ள அவரு படுத்துகினு இருந்தாரு.

சாயங்காலம் வேற ஒருத்தர் போன்ல ரெண்டாவது மெசேஜ பாத்தேன். ஒரு போட்டோ. உப்பங்கழி நடுவுல மணல் மேட்டு மேல ஒரு பக்கமா சாஞ்சி நிக்கற போட். எங்க போட்தான். அதுக்குக் கீழ, 'போதையில் படகு ஓட்டி மணலில் மோதிய டிரைவர் பலி.' அத்த குரூப்ல போட்டது யாருன்னு எனக்கு தெரியும். பேரு சொல்ல மாட்டேன். எங்கேர்ந்தோ வந்தத தள்ளி வுட்டாரு, அவ்ளோதான். ஆனா அது சுத்தி சுத்தி அவரு பொண்ணு ஜெனி போனுக்கும் போயிடுச்சு. அப்பன பொதைக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு அத்த படிச்சிடுச்சு.

அதனாலதான் இத்த எழுதறேன். நீங்க அவர பஸ்ல பாத்தவங்க. பஸ்ஸ வுட்டப்புறம் அவரு இன்னா பண்ணாரு, எங்க இருந்தாரு, எப்டி போனாருன்னு உங்கள்ல யாருக்கும் ஒயுங்கா தெரியாது. எனக்கு தெரியும். கூட இருந்தேன்.

என்னையே நெறைய பேருக்கு ஞாபகம் இருக்காது. காலேஜ மூணாவது வருசத்துல நிறுத்திட்டு மறைமலைநகர்ல கான்ட்ராக்ட்ல கொஞ்ச நாள் வந்தேன். கடைசி சீட்ல வாய பொளந்துகினு தூங்கிகினு வருவேனே, அவன்தான். ஒரு நாள் எறங்க வேண்டிய எடம் தாண்டி ஷெட் வரிக்கும் போயிட்டேன். தேவராஜ் அண்ணாத்த வண்டிய நிறுத்திட்டு கடைசி சீட்டாண்ட வந்து நின்னாரு.

"தம்பி, படிச்சிகினு இருந்தியா?"

"ஆமாணா. வுட்டுட்டேன்."

"எத்தினி அரியரு?"

"பதினொண்ணு."

"அப்ப தூங்கு."

அன்னிலேர்ந்து நான் அவருக்கு அரியரு. கடைசி வரிக்கும் என் பேர சொல்லி கூப்ட்டதே இல்ல.

ஏஜென்சி மாறுனப்ப அவர தூக்கிட்டாங்க. அது உங்களுக்கு தெரியும். நெறைய பேரு வருத்தப்பட்டீங்க, புது டிரைவர் வந்தாரு, மறந்துட்டீங்க. நானும்தான். அவரு ஞாயித்துக்கெழமைங்கள்ல மெட்ராஸ்ல ஒரு பணக்காரருக்கு ஆக்டிங் டிரைவரா போயிகினு இருந்தாரு. அந்த ஆளு ஒரு நாள் போன் பண்ணி, "தேவராஜ், மாமல்லபுரம் பக்கம் எனக்கு ஒரு கேபின் இருக்கு. நீயே இருந்து பாத்துக்கறியா?"ன்னு கேட்டாரு. அண்ணாத்த ஒரு செகண்டு கூட யோசிக்கல. சரின்னுட்டாரு. வூட்ல போய் அவரு சம்சாரம் எஸ்தர் அக்காகிட்ட, "புது வண்டி ஒண்ணு மாட்டிகீது"ன்னு சொல்லிட்டாரு. கேபின்னா நமக்கெல்லாம் இன்னா? லாரில, பஸ்ல டிரைவர் குந்தற எடம். அவருக்கும் அதான்.

மறுநாள் போய் பாத்தா வண்டியும் இல்ல, ஸ்டீரிங்கும் இல்ல. மாமல்லபுரத்துக்குத் தெக்கால ஈசிஆர வுட்டு எறங்கி, சவுக்குத் தோப்புல மண் ரோடு புடிச்சி போனா கழி வரும். கழிக்கு அந்தாண்ட நீட்டா ஒரு மணல் திட்டு. திட்டுக்கு அந்தாண்ட கடல். அந்தத் திட்டு மேல மரப் பலகைல கட்ன ஒரு ரூமு, நாலு தூணு மேல நிக்குது, மேல தகரம். ரோடு கெடயாது, பாலம் கெடயாது, கரண்டு கெடயாது. போட்ல போனாத்தான் உண்டு.

"நான் சரின்னு சொல்லிட்டேன்டா"ன்னாரு எங்கிட்ட அப்பறம். "சொன்னப்பறம் எனக்கு தண்ணின்னா பயம், நீச்சல் தெரியாது, ஸ்டீரிங் எங்கன்னு எப்டி கேக்கறது? அந்த ஆளு எம்மூஞ்சியவே பாத்துகினு கீறாரு."

ஒரு வாரம் கழிச்சி எனக்கு போன் வந்துச்சு. நான் அப்ப கம்பெனியயும் வுட்டுட்டு வூட்ல திட்டு வாங்கிகினு சும்மா சுத்திகினு இருந்தேன்.

"டேய் அரியரு. நீச்சல் தெரியுமா?"

"தெரியும். கெணத்துல கத்துகினேன்."

"சமையலு?"

"மேகி."

"போதும். கெளம்பி வா."

இப்டித்தான் நாங்க ரெண்டு பேரும் அந்தப் பொட்டிக்கு வந்தோம். ஓனரு கேபின்னு சொல்லுவாரு. அண்ணாத்த மட்டும் அப்பறம் அந்த வார்த்தைய வாய்ல எடுக்கவே இல்ல. பொட்டின்னுதான் சொல்லுவாரு.

பொட்டில தங்கறதுன்னா இன்னான்னு உங்களுக்கு சொல்லணும். குடிக்கற தண்ணி கேன்ல போட்ல வரணும். சோலார் பேனல் ஒண்ணு கீது, அதுல ரெண்டு பல்பு எரியும், ஒரு போனு சார்ஜ் ஏறும். சாயங்காலம் ஆச்சின்னா ஒரு பக்கம் கடலு சத்தம், இன்னொரு பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. சவுக்குல காத்து பூந்தா யாரோ நடந்து வர்ற மாதிரியே இருக்கும். நரி கீது. மாசி பங்குனில ஆமை ஏறி முட்ட வச்சிட்டுப் போவும். வெடியகால எழுந்து பாத்தா கழி பூரா பறவைங்க நிக்கும், ஒண்ணு கூட கத்தாது.

ஓனரு பொட்டிய வாடகைக்கு வுடுவாரு, லீவுக்கு தங்க வர்றவங்க மொத நாளு தவிச்சிப் போயிடுவாங்க. ஒரு சார் வந்தாரு, போன தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினு திட்டு பூரா சுத்தறாரு.

"இங்க டவர் எங்கங்க கெடைக்கும்?"

"தெக்கு முனைல ஒரு கட்ட மரம் கீது சார். அது மேல ஏறி நின்னா ஒரு கோடு வரும்."

"ஃபுல்லா வர்ற எடம்?"

"கூடுவாஞ்சேரி சார்."

அந்த சாரே சாயங்காலம், "இங்க என்னதாங்க பண்றது?"ன்னு கேட்டாரு. அண்ணாத்த மீனு கழுவிகினு இருந்தாரு. தலைய தூக்காம, "ஒண்ணும் பண்ண வாணாம்னுதான சார் டிக்கெட் போட்டுகினு வந்தீங்க? அத்த பண்ணுங்க"ன்னாரு. மூணாம் நாளு அந்த ஆளு போட்ல ஏறவே மாட்டேன்னு அடம் புடிச்சாரு.

அண்ணாத்தைக்கு அந்த எடம் புடிச்சிதான்னு கேட்டா, புடிச்சிதுன்னு பொய் சொல்ல மாட்டேன். அவரு கடல் பக்கம் போவவே மாட்டாரு. பாய ரோடு பக்கம் பாத்துதான் போடுவாரு. இருட்டுனா கழிக்கு அந்தாண்ட ஈசிஆர்ல பஸ் போற வெளிச்சம் பொடியா நவுந்து போவும். "அது புதுச்சேரி வண்டி"ம்பாரு. "இது கல்பாக்கம்." எனக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாத்தான் தெரியும். ஆனா ஒரு வார்த்த அவரு சொன்னது இன்னும் காதுல கீது. "பஸ்ல இருந்தப்ப வூட்டுக்குப் போனா கூட காதுல எஞ்சின் ஓடிகினே இருக்கும்டா. இங்கதான் ஆஃப் ஆச்சி."

போட் ஓட்டக் கத்துகினது பெரிய பேஜாரு. மொத ஒரு மாசம் கரைல கீற மீனவர் குப்பத்துலேர்ந்து ஒருத்தர் வந்து ஓட்னாரு, அவரு பக்கத்துல குந்திகினு அண்ணாத்த கைய கைய பாப்பாரு. அப்பறம் தானே ஓட்ட ஆரம்பிச்சாரு. நல்லா ஓட்னாரு. வண்டி ஓட்ற கை, அது எங்க போவும். ஆனா பஸ்ல பாசஞ்சர் எல்லாம் டிரைவருக்குப் பின்னாடி. போட்ல எஞ்சின் பின்னாடி, டிரைவரும் பின்னாடி, பாசஞ்சர் எல்லாம் எதுத்தாப்ல. அத்தினி பேரும் அவரு மூஞ்சியவே பாத்துகினு வந்தா அவரால தாங்க முடியல. அதனால ஒரு ரூலு போட்டாரு. போட்ல ஏறுனா எல்லாரும் முன்னாடி பாத்துதான் குந்தணும். முதுகு அவருக்கு.

"சீனரி முன்னாடி கீது சார், திரும்பி குந்துங்க"ம்பாரு. வர்றவங்களும் சந்தோசமா திரும்பிப்பாங்க. நான் முனைல மூங்கில் புடிச்சிகினு நிப்பேன், நானும் முன்னாடி பாத்துதான்.

ஒரு தபா எதையோ கேக்கறதுக்கு சட்டுனு திரும்பினேன். அண்ணாத்த ஒதடு அசஞ்சிகினே கீது.

"இன்னா அண்ணாத்த, பாட்டா?"

"ஜெபம்டா. மூடிகினு திரும்பு."

கவுத்த அவுத்ததுலேர்ந்து அந்தக் கரை தொடற வரிக்கும் ஜெபம். ஒவ்வொரு ட்ரிப்பும். அந்த மனுசன் எத்தினி வருசம் ஓட்னாரோ அத்தினி வருசமும் பயம் ஒரு பொட்டு கொறயல. நான் நீச்சல் கத்துக் குடுக்கறேன்னு ஒரு நாள் முட்டி அளவு தண்ணில எறக்குனேன். என் கழுத்த புடிச்ச புடில எனக்கு மூச்சு நின்னுடுச்சி. "வாணாம்டா. நான் முழுவறதுக்கு முன்னாடி நீ போயிடுவ"ன்னு ஏறிட்டாரு.

குடிய பத்தி இங்கயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க அதத்தான் நெனச்சிகினு இருப்பீங்க. பஸ்ல இருந்தப்ப அவரு லீவு நாள்ல குடிப்பாரு. உங்கள்ல ரெண்டு மூணு பேரு கூட குந்தி குடிச்சவங்கதான். கழிக்கு வந்தப்பறம் அவரு தொடல. திருந்திட்டாரு, சபைல சேந்துட்டாருன்னெல்லாம் சொல்ல வரல. ஒரு கெஸ்ட்டு கிளாஸ நீட்டினப்ப அவரு சொன்னத அப்டியே சொல்றேன். "தண்ணி மேல போறவன் தண்ணி போட்டா ரெண்டும் சேந்து என்ன இட்டுகினு போயிடும் சார்." அந்த ஆளு சிரிச்சாரு. அண்ணாத்த சிரிக்கல.

இப்ப மணல் மேட்டுக்கு வரேன். போட்டோல பாத்தீங்களே, அந்த மேடு. அது கழிக்கு நடுவுல கீது. சுத்தி ரெண்டு ஆள் ஆழம். மேடு மேல மட்டும் தண்ணி கம்மி. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஒரே தண்ணி.

அது எங்களுக்கு எப்டி தெரிஞ்சிதுன்னா, ஐப்பசில கூடுவாஞ்சேரிலேர்ந்து ஒரு தம்பி பொண்டாட்டியோட வந்தான். அந்தப் பொண்ணு மாசமா இருந்துச்சு. மாசமா கீறவங்கள ஏத்த மாட்டேன்னு அண்ணாத்த ஒரே புடியா நின்னாரு. "டாக்டரே நல்ல காத்து வாங்க சொன்னாருணா"ன்னு கெஞ்சி கெஞ்சி ஏறிட்டான். மறுநாள் காலைல அந்தப் பொண்ணுக்கு வயிறு வலி. ராத்திரி பூரா மழை, காலைல காத்து. வேற வழி இல்ல, போட்ட எடுத்தோம். அந்தப் பொண்ண நடுவுல சாச்சி படுக்க வச்சி நான் புடிச்சிகினேன். அதனால முனைல நிக்க ஆள் இல்ல. அந்தத் தம்பிதான் நின்னான்.

கொஞ்ச தூரத்துல ரோடு பக்கமா வலை கட்ட நட்ட மூங்கிலுங்க. அந்தத் தம்பி அத்த பாத்துட்டான். போட்ட சோத்தாங்கை பக்கம் திருப்பணும்னு கத்தறான். "ரைட்! ரைட்! ரைட்!"

அண்ணாத்த காதுல ரைட்டுன்னு வுழுந்துச்சு. இருவது வருசமா ரைட்டுன்னா அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான். போலாம். முறுக்கிட்டாரு. போட் நேரா போய் கர்ர்னு எது மேலயோ ஏறி நின்னுச்சு. எஞ்சின் கீழ மணல்ல குத்தி, தண்ணிக்குள்ள சுத்தற ஃபேன் ஒடஞ்சி போச்சி.

"அண்ணா, ரைட்ல போங்கன்னு தான சொன்னேன்."

"நீ ரைட்டுன்ன. போனேன்."

"அது எப்டிணா..."

"தம்பி, நீ பஸ்லயே போனதில்லியா?"

அந்தப் பொண்ணு வலிலயும் சிரிச்சிடுச்சி. எனக்கு சிரிப்பு வரல. நான் குதிச்சேன். கால் தரைல நின்னுச்சு.

"அண்ணாத்த, ஆழம் இல்ல. இடுப்பு வரிக்கும்தான்."

"யாரு இடுப்பு? உன் இடுப்பா, என் இடுப்பா?"

அவரு என்ன வுட ஒரு சாண் குட்டை. நாயமான கேள்விதான்.

ஃபேன் போச்சி, மேட்ட சுத்தி ஆழம், காத்துல போட் ஒரு பக்கமா சாயுது. நான் நீந்திப் போய் குப்பத்துலேர்ந்து வேற போட் இட்டுகினு வரணும். அது வரிக்கும் யாராவது தண்ணில நின்னு போட்ட புடிச்சிக்கணும். அந்தத் தம்பி பொண்டாட்டி கைய வுட மாட்டேங்கறான். அண்ணாத்த கண்ண மூடிகினு, ஓரத்த புடிச்சிகினு, ஒவ்வொரு காலா எறக்குனாரு. தண்ணி நெஞ்சு கிட்ட வந்துச்சு. ரெண்டு கையாலயும் போட்ட புடிச்சிகினு, "போடா"ன்னாரு.

நான் திரும்பி வந்தப்பவும் அதே எடத்துல அதே மாதிரி நின்னுகினு இருந்தாரு. அலை வரப்பல்லாம் முகத்துல அடிக்குது, கைய வுடல. ஜெபம் சத்தமாவே பண்ணிகினு இருந்தாரு. கூட அந்தத் தம்பியும் பண்ணிகினு இருந்தான், அவன் வேற சாமிய கூப்ட்டுகினு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவல. கொழந்த நல்லபடியா பொறந்துச்சு.

அதுக்கப்பறம் எங்க போட்ல லெஃப்ட்டு ரைட்டு கெடயாது. கடல் பக்கம், ரோடு பக்கம், அவ்ளோதான். இன்னொண்ணும் ஆரம்பிச்சாரு. கெஸ்ட்டு இல்லாத நாளுங்கள்ல என்ன முன்னாடி குந்த வச்சிகினு, மூங்கிலால குத்தி குத்தி கழி பூரா எங்கெங்க கால் நிக்கும்னு பாத்து வச்சிகினாரு. மழை வந்தா மேடு நவுரும், மறுபடியும் குத்துவாரு. "உனக்கு தண்ணி தெரியும். எனக்கு தெரியாது. நான் தரைய தெரிஞ்சிக்கறேன்"னாரு. மணல் கிட்ட வந்தா எஞ்சின நிறுத்தி பின்னாடி தூக்கி வச்சிடணும், இல்லன்னா ஃபேன் போயிடும். அத்தயும் கையில பழக்கிகினாரு. ஒரே இழுப்புல தூக்கிடுவாரு.

போன செவ்வாக்கெழம காலைல ஒரு ஃபேமிலிய கரைக்கு இட்டுகினு வந்தோம். ரெண்டு பசங்க, ஒரு பெரியம்மா, மொத்தம் ஏழு பேரு. வெயிலு நல்லா இருந்துச்சு, காத்து இல்ல. கழி கடல்ல சேர்ற மொகத்துவாரம் தொறந்துகினு இருந்த நேரம், அதனால தண்ணி கடலுக்கு இழுத்துகினே இருந்துச்சு. எல்லாரும் முன்னாடி பாத்து குந்திகினு இருந்தாங்க. நான் முனைல.

நடு கழில போட் கடல் பக்கமா திரும்புச்சு. எதுக்குன்னு புரியல. பசங்களுக்கு கொக்கு காட்றாரு போலன்னு நெனச்சேன். அப்பறம் எஞ்சின் சத்தம் நின்னுச்சு. நின்னு ரவ நேரம் போட் தானா போச்சி, அப்பறம் மெதுவா மணல்ல ஏறி சாஞ்சிச்சி. பெரியம்மா முன்னாடி வுழுந்து ஒதடு கிழிஞ்சிடுச்சி. ஒரே கத்தல். நான் திரும்பினேன். அண்ணாத்த குந்தின மேனிக்கே தல தொங்கி கீறாரு. கண்ணு பாதி தொறந்துருக்கு. வாய்ல எச்சி.

அந்த ஃபேமிலில ஒருத்தரு, "இந்த ஆளு தண்ணி போட்டுருக்கான்யா"ன்னு கத்துனாரு. அவர நான் கொற சொல்ல மாட்டேன். அவரு பொண்ணு போட்ல கீது. பயந்துட்டாரு. எல்லாரும் தண்ணில எறங்குனாங்க, முட்டி வரிக்கும்தான் இருந்துச்சு. நின்னுகினே போன்ல படம் புடிச்சாங்க. அதான் உங்க குரூப்புக்கு வந்த படம். நான் நீந்திப் போய் குப்பத்து போட்ட இட்டுகினு வந்தேன், அப்டியே அவர செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு போனோம்.

அந்தப் படத்த இன்னொரு தபா எடுத்து பாருங்க. பெருசு பண்ணி, பின்னாடி பாருங்க. எஞ்சின் மேல கீது. தூக்கி வச்சிருக்கு. போதைல மோதுனவன் எஞ்சின தூக்கி வச்சிட்டு மோத மாட்டான். ஓடிகினு இருந்த எஞ்சினு தானா மேல வராது. அவருக்கு நெஞ்சு புடிச்சிகிச்சி. கத்தியிருந்தாக்கண்டி நான் அத்தினி பேர தாண்டி பின்னாடி ஓடியாந்துருப்பேன், போட் ஆடியிருக்கும், கவுந்திருக்கும். கைய வுட்டுருந்தா தண்ணி எல்லாரையும் மொகத்துவாரத்துக்கு இழுத்துகினு போயிருக்கும். அவரு ஒண்ணும் சொல்லல. மேடு எங்க கீதுன்னு தெரியும், அங்க திருப்புனாரு, எஞ்சின நிறுத்துனாரு, தூக்குனாரு. அதுக்கப்பறம்தான் போனாரு.

டாக்டரு எங்கிட்டயே சொன்னாரு, மாரடைப்பு, கொஞ்ச நேரமா வலியோட இருந்துருப்பாருன்னு. குடிச்சிருந்தாரான்னு நான் கேட்டேன். இல்லன்னாரு. அந்த மெசேஜ போட்டவரு மன்னிப்பெல்லாம் கேக்க வாணாம். அத்த எடுத்துடுங்க. ஃபார்வர்டு பண்ண எடத்துலயும் சொல்லிடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்.

கல்லறைல மண்ணு போட்டுகினு இருந்தப்பவே பின்னாடி யாரோ, "குடியால போயிட்டான், பாவம்"னாங்க. ஜெனி திரும்பி பாத்துச்சு. அப்பறம் வூட்ல எல்லாருக்கும் டீ குடுத்துகினே எங்கிட்ட வந்து நின்னுச்சு.

"அண்ணா. குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"நீ பாத்தியா?"

"மூஞ்சிய பாக்கல. நாங்க எல்லாம் முன்னாடி பாத்துகினு இருந்தோம். எஞ்சின பாத்தேன்." தூக்கி வச்சத சொன்னேன்.

அது டம்ளர கீழ வச்சிது. "என்ன அங்க இட்டுகினு போ."

அந்தப் பொண்ணும் எஸ்தர் அக்காவும் ஒரு தபா கூட பொட்டிக்கு வந்ததில்ல. அவரு ஏத்த மாட்டாரு. "நீங்க ஏறுனீங்கன்னா எனக்கு கை ஓடாது"ம்பாரு. எஸ்தர் அக்கா வாணாம்னாங்க, பொண்ணு கேக்கல. மூணாம் நாள் ஜெபம் முடிஞ்சதும் காலைல குப்பத்துக்காரரு ஒருத்தர் எஞ்சின் புடிக்க, இட்டுகினு போனேன்.

மேட்டாண்ட போனதும் நிறுத்தச் சொல்லி எறங்கிடுச்சி. சுடிதாரு முட்டி வரிக்கும் நனஞ்சிது. அங்கயும் இங்கயும் கால வச்சி வச்சி பாத்துச்சு. ரெண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளிப் போனா சட்டுனு எறங்குது, நான் கைய புடிச்சி இழுத்துகினேன்.

"இத்த வுட்டா அடுத்து எங்க கால் நிக்கும்?"

"கரைலதான்."

கரைய பாத்துச்சு. தூரம். மொகத்துவாரத்த பாத்துச்சு, அங்க அலை ஒடஞ்சிகினு இருந்துச்சு. நான் அழுவும்னு நெனச்சேன். அழல.

"ஸ்டாப்பிங் பாத்துதான் நிறுத்திகீறாரு"ன்னுச்சு.

அப்பறம் பொட்டிக்குப் போனோம். அவரு பாய் விரிக்கற எடத்துல குந்திச்சி. ரோடு பக்கம் பாத்துகினே இருந்துச்சு. பகல்ல வெளிச்சம் தெரியாது, பஸ்ஸு கூட ஒயுங்கா தெரியாது. ஒரு டீ போட்டு குடுத்தேன். குடிச்சிட்டு, டம்ளர கழுவி கவுத்துட்டு, "போலாம்ணா"ன்னுச்சு.

ஓனரு போன் பண்ணாரு. நீயே ஓட்றியான்னு கேட்டாரு. சரின்னேன். நான் கெணத்துல கத்துகினவன், தண்ணிய பாத்தா எனக்கு என்னிக்குமே ஒண்ணும் இருந்ததில்ல. கவுத்த அவுப்பேன், முறுக்குவேன், போயிகினே இருப்பேன். அண்ணாத்த அத்த பாத்துதான் திட்டுவாரு. நேத்து மொத ட்ரிப்பு. ரெண்டு பொம்பளைங்க, ஒரு கைக்கொழந்த. கவுத்துல கைய வச்சேன், கூடவே பயம் ஒண்ணு ஏறி குந்திச்சி. அந்தக் கரை தொடற வரிக்கும் எறங்கல. நான் ஜெபம் பண்றவன் இல்ல, ஆனா ஒதடு எதையோ சொல்லிகினே இருந்துச்சு. அவருகிட்டேர்ந்து எனக்கு வந்தது அந்தப் பயம்தான். வேற ஒண்ணும் நான் கேக்கல. அத்த வச்சிக்கறேன்.